எழுத்து அழிந்த வால்வுகளை அடையாளம் காண்பது எப்படி?

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு கடையைக் காலி செய்தபோது மூன்று சாமான்கள் வீட்டுக்கு வந்தன: முகப்பில் ஹீத்கிட் வி-7ஏ என்று எழுதிய வால்வு வோல்ட்மீட்டர், பெயர்ப்பலகை கழன்றுபோன ஒரு சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்குச் சிக்னல் உண்டாக்கும் கருவி), ஒரு பிஸ்கட் டின்னில் உதிரி வால்வுகள் (ட்ரான்சிஸ்டருக்கு முந்திய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்). விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன், உதவி என்று நினைத்து, இரண்டு கருவிகளிலும் இருந்த வால்வுகளைக் கழற்றி, டின்னில் இருந்தவற்றோடு சேர்த்து சவர்க்காரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் ஒரே டின்னில் போட்டுவிட்டான். இப்போது 14 வால்வுகள் இருக்கின்றன. ஒன்றிலும் எழுத்து இல்லை.

ஆசிரியை சும்மா இருக்கவில்லை. மல்டிமீட்டரால் அளந்து பார்த்திருக்கிறார். 7 பின் வால்வு ஒன்றில் 3-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் இடையே, அதாவது வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரில், 3.5 ஓம். "ஹீட்டரின் 6.3 வோல்டை 3.5-ஆல் வகுத்தால் 1.8 அம்பியர் வருகிறது. இது உள்ளே ஷோர்ட் ஆகியிருக்க வேண்டும்" என்கிறார். இன்னொரு 7 பின் வால்வில் ஹீட்டரே காணவில்லை. 1-உம் 5-உம் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன, 2, 4, 7 மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. எரிந்துபோனது என்று அதைக் குப்பைக்கு ஒதுக்கியிருக்கிறார். 9 பின் வால்வுகளில் நான்கு பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றனவாம். "மீதியை ஒவ்வொன்றாகச் செருகி கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா? எரிந்தால் நல்லது, எரியாவிட்டால் பழுது என்று பிரித்துவிடலாம்தானே? வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை" என்று கேட்கிறார். கொழும்பில் ஒருவர் டின்னோடு மொத்தமாக விலை பேசுகிறார், கொடுத்துவிடு என்கிறார் அண்ணன். அம்மாவுக்கு மனமில்லை. ஆசிரியைக்கு அப்பாவின் மீட்டர் முள் மறுபடியும் அசைவதைப் பார்க்க வேண்டும்.

அன்புள்ள சகோதரி,

குப்பைக்கு ஒதுக்கிய அந்த வால்வை முதலில் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அது எரிந்துபோனதல்ல. நீங்கள் அளந்து எழுதிய விவரமே அதன் இனத்தைச் சொல்லிவிட்டது. அதைப் பிறகு விளக்குகிறேன். ஷோர்ட் என்று நினைத்த 3.5 ஓம் வால்வும் பெரும்பாலும் நல்ல வால்வுதான். 14-இல் இரண்டைப் பற்றி உங்கள் கடிதத்தை வைத்தே பேச முடிகிறது என்றால், மீதியைப் பற்றியும் பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கும் யோசனையை மட்டும் கைவிடுங்கள்.

ஏன் என்றால், ஒரே அடிப்பாகம் கொண்ட வால்வுகள் எல்லாம் ஒரே வேலை செய்பவை அல்ல. 9 பின் சொக்கெட்டில் எந்த 9 பின் வால்வும் ஒழுங்காக உட்காரும். ஈஇசட்80 என்பது ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர். அதன் சொக்கெட்டில் 1-க்கும் 7-க்கும் ட்ரான்ஸ்போமரின் உயர் வோல்டேஜ் ஏசி நேராக வந்துகொண்டிருக்கும். அங்கே சிக்னலைப் பெருக்கும் ஈசிசி82 என்ற இரட்டை ட்ரயோடைச் செருகினால், அந்த வால்வின் 7-ஆம் பின் ஒரு கிரிட். சில வோல்ட் மட்டுமே பார்க்க வேண்டிய மெல்லிய கம்பிச் சுருளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் போகும். வால்வு போவதோடு நிற்காது, ட்ரான்ஸ்போமரும் போகலாம். வால்வை இன்றும் வாங்க முடியும். அந்த ட்ரான்ஸ்போமரை ஹட்டனில் அல்ல, கொழும்பிலும் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

"எரிந்தால் நல்லது" என்ற கணக்கும் சரிவராது. ஹீட்டர் சிவந்து எரிந்தும், எலக்ட்ரான்களை வெளிவிடும் கெத்தோட் தேய்ந்துபோன வால்வு உண்டு. ஹீட்டரே இல்லாமல் ஒழுங்காக வேலை செய்யும் வால்வும் உண்டு.

இனி துடைக்க வேண்டாம், முதலில் தேடுங்கள்

வால்வு மேல் அச்சடித்த எழுத்து கண்ணாடியில் மிக லேசாக ஒட்டியிருப்பது. விரல் பட்டாலே சிலவற்றில் போய்விடும். ஆனால் மை போன பிறகும் கண்ணாடியின் மேற்பரப்பில் அதன் தடம் சில நேரம் தங்கியிருக்கும். உங்கள் ஊர்க் குளிர் இதற்கு உதவும். விடியற்காலையில் வால்வு நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது அதன் மேல் மெல்ல மூச்சை ஊதுங்கள். ஈரம் படியும் அந்த இரண்டு மூன்று விநாடியில், பக்கவாட்டிலிருந்து டோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், எழுத்து நிழல் மாதிரித் தெரியலாம். தெரிந்ததைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட், தின்னர், சவர்க்காரம் எதுவும் இனி வேண்டாம்.

அடுத்து, கண்ணாடியின் கீழ்ப்பகுதியை, பின்களுக்குச் சற்று மேலே, லென்ஸ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பிலிப்ஸ், மல்லார்ட் தொழிற்சாலைகளின் வால்வுகளில் பெயர் அச்சு தவிர, கண்ணாடியை அரித்துப் பதித்த சாம்பல் நிறக் குறியீடு இரண்டு வரியில் இருக்கும். அது சவர்க்காரத்துக்குப் போகாது. மேல் வரி வால்வின் வகையைச் சொல்வது: ஐ6 (I6) என்று தொடங்கினால் ஈசிசி83, எக்ஸ்எஃப் என்று தொடங்கினால் ஈஎல்34. கீழ் வரியில் முதல் எழுத்து தொழிற்சாலை. பி (B) என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன். அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், பிறகு மாதம், வாரம். வருடத்துக்கு ஒரே இலக்கம் என்பதால் 8 என்று இருந்தால் 1958-ஆ 1968-ஆ என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு இப்போது வகைதான் வேண்டும், வருடம் அல்ல.

பெயரின் ஒரு துண்டு கிடைத்தாலும் பிரயோசனம் உண்டு. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்கிறது. ஈ என்றால் 6.3 வோல்ட். டி (D) என்றால் 1.4 வோல்ட் பேட்டரி வால்வு. யூ என்றால் 100 மில்லி அம்பியரில், பி (P) என்றால் 300 மில்லி அம்பியரில், வரிசையாகக் கோத்து ஓடும் வால்வுகள். அடுத்து வரும் எழுத்துகள் உள்ளே இருப்பவை: சி மூன்று மின்முனை கொண்ட ட்ரயோட், எஃப் ஐந்து மின்முனை கொண்ட பென்டோட், எல் அவுட்புட் பென்டோட், பி (B) இரட்டை டயோட், இசட் முழு அலை ரெக்டிபயர். இலக்கத்தில் 80-கள் பெரும்பாலும் 9 பின், 90-கள் 7 பின், 30-கள் பழைய பெரிய 8 பின் ஒக்டல் அடி. அமெரிக்கப் பெயர்களில் முதல் இலக்கம் ஏறத்தாழ ஹீட்டர் வோல்ட். ஒரே வால்வுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். ஈசிசி82-ஐ அமெரிக்கர்கள் 12ஏயூ7 என்பார்கள், ஈபி91-ஐ (EB91) 6ஏஎல்5 என்பார்கள். பிரிட்டிஷ் இராணுவச் சாமான்களில் அதே ஈபி91 சிவி140 என்ற பெயரில் வரும். ஆகவே "சிவி" என்று தெரிந்தால் அது ஏதோ புது வகை என்று குழம்ப வேண்டாம்.

இதெல்லாம் செய்வதற்கு முன் ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் நூல் கட்டி, 1 முதல் 14 வரை அட்டை மாட்டிவிடுங்கள். கண்ணாடியில் எழுத வேண்டாம்.

3.5 ஓம் கணக்கு

நீங்கள் வகுத்தது சரி. வகுக்க எடுத்த எண்தான் பொருந்தாது. ஹீட்டர் டங்ஸ்டன் கம்பி. குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் மிகக் குறைவு. சிவந்து எரியும்போது 5 முதல் 7 மடங்கு வரை ஏறிவிடும். உங்கள் 3.5 ஓம் சூட்டில் சுமார் 21 ஓம் ஆகும் என்று வையுங்கள். 6.3-ஐ 21-ஆல் வகுத்தால் 0.3 அம்பியர். 7 பின் வால்வு, ஹீட்டர் 3-உம் 4-உம், 0.3 அம்பியர் என்றால், அளவுக் கருவிகளில் மிகச் சாதாரணமாக வரும் இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள்: ஈபி91 என்ற இரட்டை டயோட், ஈஎஃப்91 என்ற பென்டோட்.

இந்த இரண்டையும் கண்ணாலேயே பிரிக்கலாம். ஈபி91-இன் உள்ளே குட்டையான இரண்டு மெல்லிய குழாய்கள், நடுவில் ஒரு மறைப்புத் தகடு. ஈஎஃப்91-இன் உள்ளே உயரமான ஒரே கட்டு, லென்ஸில் பார்த்தால் மைக்கா தட்டுக்குக் கீழே கிரிட் கம்பிச் சுருள்கள் தெரியும். உங்கள் ஹீத்கிட் வி-7ஏ மீட்டருக்குள் இரண்டே வால்வுகள்: ஒரு 6ஏஎல்5, அதாவது ஈபி91, ஒரு 12ஏயூ7, அதாவது ஈசிசி82. ஆகவே 3.5 ஓம் வால்வுக்குள் இரண்டு சின்னக் குழாய் தெரிந்தால், அது அப்பாவின் மீட்டரிலிருந்தே வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஹீட்டரின் உண்மைக் கரண்டை அளக்க வேண்டுமென்றால், கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சின்ன டிசி சப்ளையில் 6.3 வோல்ட் வைத்து, நடுவில் அம்பியர் மீட்டர் போட்டு, ஒரு நிமிஷம் பொறுத்துப் படியுங்கள். ஆரம்பத்தில் கரண்ட் எகிறிப் பிறகு இறங்கும், அது இயல்பு. இந்தக் கரண்ட் ஒரு வால்வின் கைரேகை மாதிரி. 0.2 அம்பியர் ஈஎஃப்86, 0.3 ஈஎஃப்80, 0.6 ஈஇசட்80, 0.76 ஈஎல்84, 1 அம்பியர் ஈஇசட்81. ஒரே கரண்ட் பல வகைகளுக்கு வரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு முன்பு ஓர் எச்சரிக்கை. 7 பின் வால்வில் 3-க்கும் 4-க்கும் இடையே இல்லாமல், 1-க்கும் 7-க்கும் இடையே ஓம் காட்டினால் நிறுத்திவிடுங்கள். அது டிஎஃப்91, டிஏஎஃப்91 போன்ற 1.4 வோல்ட் பேட்டரி வால்வாக இருக்கும். 6.3 வோல்ட் பட்டால் இழை உடனே அறுந்துவிடும். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் தோட்டங்களில் பேட்டரி ரேடியோக்கள் ஓடின. ஹட்டனில் கடை வைத்திருந்தவர் அந்த வால்வுகளை டின்னில் வைத்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம். அவற்றை டிஜிட்டல் மீட்டரால் மட்டும் அளந்து பாருங்கள். பழைய முள் மீட்டர்களின் தாழ்ந்த ஓம் ரேஞ்ச் அந்த மெல்லிய இழைக்குத் தாங்காத கரண்டை அனுப்பிவிடக்கூடும்.

பின் எண்ணும் முறையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வால்வைக் கவிழ்த்து, பின்கள் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, அகலமான இடைவெளியிலிருந்து கடிகார முள் போகும் திசையில் 1, 2, 3 என்று போக வேண்டும். சொக்கெட்டையும் கருவியின் உலோகச் சட்டமான சேசிஸின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து அதே திசையில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஹீட்டர் இல்லாத வால்வு

1-உம் 5-உம் ஒன்று, 2, 4, 7 ஒன்று, ஹீட்டர் இல்லை. இது 0ஏ2 அல்லது 0பி2 (0B2) என்ற வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் அமைப்பு. உள்ளே வெற்றிடம் இல்லை, தாழ்ந்த அழுத்தத்தில் வாயு இருக்கிறது. 1, 5 நேர்மின் முனையான அனோட். 2, 4, 7 எதிர்மின் முனையான கெத்தோட். உள்ளே வேண்டுமென்றே இணைத்திருக்கிறார்கள், ஷோர்ட் அல்ல. கரண்ட் ஓடும்போது கெத்தோடைச் சுற்றி மெல்லிய ஒளி படரும், வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் தன் இரண்டு முனைகளுக்கிடையே ஒரே வோல்டேஜைப் பிடித்து வைக்கும். 0ஏ2 என்றால் 150 வோல்ட், 0பி2 என்றால் 108. வெளிப்பார்வையில் இரண்டையும் பிரிக்க முடியாது. சுமார் 200 வோல்ட் டிசியை, கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகக் கொடுத்து, பற்றிய பிறகு முனைகளுக்கிடையே என்ன வோல்ட் நிற்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். ரெசிஸ்டர் இல்லாமல் ஒருபோதும் இணைக்கக் கூடாது. இந்த அளவை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம், தெரிந்த ஒருவர் செய்யட்டும். சில ஸ்டெபிலைசர் வால்வுகளில் சீக்கிரம் பற்றுவதற்காக மிகச் சிறு அளவு கதிரியக்கப் பொருள் சேர்த்திருந்தார்கள். மூடிய குடுவையைக் கையாளுவதில் பயமில்லை. உடைக்காதீர்கள், பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள்.

வி-7ஏ-இல் இந்த வால்வு கிடையாது. எனவே இது சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து வந்திருக்கலாம், அல்லது வேறு எதற்கோ அப்பா வாங்கி வைத்த உதிரியாக இருக்கலாம். அதை முடிவு செய்யச் சொக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சொக்கெட்டைப் படிப்பது

எழுத்து முழுவதும் போனாலும் கருவிக்குள் அந்தந்த வால்வுக்குப் போட்ட வயரிங் அப்படியே இருக்கிறது. எனக்கு இதுதான் எப்போதும் முதல் சாட்சி. முதலில் மூடியின் உட்புறத்திலும் சேசிஸ் மேலும் பாருங்கள். சொக்கெட் பக்கத்தில் வால்வின் பெயரே முத்திரை குத்தியிருக்கலாம், ஒட்டிய தாளில் வால்வு வரிசை இருக்கலாம், அப்பாவே பென்சிலால் எழுதி வைத்திருக்கலாம். திருத்துகிறவர்கள் அப்படி எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அவருடைய பில் புத்தகங்கள், கொப்பிகள் இருந்தால் எரிக்காமல் வையுங்கள். இது கிடைத்தால் மீதி வேலையில் பாதி முடிந்தது.

கிடைக்காவிட்டால், பிளக் கழற்றிய நிலையில், ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் ஒரு தாள் எடுத்துப் பின் எண்களை வட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பின்னிலிருந்து எங்கே வயர் போகிறது என்று எழுதுங்கள். முறுக்கிய இரண்டு வயர் எல்லாச் சொக்கெட்டுகளையும் தொட்டுக்கொண்டு ட்ரான்ஸ்போமருக்குப் போனால் அது ஹீட்டர். இரண்டு பின்கள் ட்ரான்ஸ்போமரின் உயர் வோல்டேஜ் சுற்றின் இரண்டு முனைக்கும், மூன்றாவது ஒன்று பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கும் போனால் அது ரெக்டிபயர் சொக்கெட். 9 பின்னில் 1-உம் 7-உம் ஏசிக்கு, 3 கெபாசிட்டருக்கு என்றால் ஈஇசட்80 அல்லது ஈஇசட்81. 7 பின்னில் 1-உம் 6-உம் ஏசிக்கு, 7 கெபாசிட்டருக்கு என்றால் ஈஇசட்90, அதாவது 6எக்ஸ்4. ஹீட்டர் வயரே வராத 7 பின் சொக்கெட்டில் 1 அல்லது 5 ஒரு ரெசிஸ்டர் வழியாக உயர் வோல்டேஜுக்கும், 2, 4, 7-இல் ஒன்று சேசிஸுக்கும் போனால், குப்பைக்கு ஒதுக்கிய உங்கள் வால்வின் இடம் அதுதான். ட்யூனிங் கொயிலோடு சின்னக் கெபாசிட்டர் வழியாகச் சேர்ந்து, அதே பின்னிலிருந்து ஒரு ரெசிஸ்டர் சேசிஸுக்கோ கெத்தோடுக்கோ இறங்கினால் அது சிக்னலை உண்டாக்கும் ஒசிலேட்டர் வால்வின் கிரிட். இப்படிச் சொக்கெட் கேட்பதையும் வால்வில் நீங்கள் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல வால்வுகள் தாமாகவே இடம் பிடித்துவிடும்.

கடையிலிருந்து வந்த டின் என்பதால் 14-இல் கணிசமானவை இந்த இரண்டு கருவிகளுக்குமே சம்பந்தமில்லாத ரேடியோ வால்வுகளாக இருக்கும். எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த நான்கு 9 பின் வால்வுகள்

இதுதான் கொஞ்சம் நுணுக்கமான இடம். உள்ளே ஒரே மாதிரி இரண்டு கட்டுகள் பக்கம் பக்கமாக நின்றால் அது இரட்டை ட்ரயோட். நான்கிலும் 4-5, 4-9, 9-5 என்று மூன்று அளவு எடுங்கள். 4-9-உம் 9-5-உம் சமமாகவும், 4-5 அவற்றின் இரட்டிப்பாகவும் வந்தால், 9 ஹீட்டரின் நடுப்புள்ளி. அது ஈசிசி81, 82, 83 குடும்பம். 9-க்கும் ஹீட்டருக்கும் தொடர்பே இல்லாவிட்டால் அது ஈசிசி85, ஈசிசி88 போன்ற வேறு குடும்பம், அதை மீட்டரில் செருகக் கூடாது.

81, 82, 83 மூன்றுக்கும் பின் அமைப்பு ஒன்று, ஹீட்டர் கரண்டும் ஒன்று. ஓம் மீட்டரால் இதற்கு மேல் பிரிக்க முடியாது. உள்ளே தகடு நீளமா குட்டையா, கறுப்பா சாம்பலா என்று பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரே வகையை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு மாதிரிச் செய்திருக்கின்றன, அதனால் நான் அதை நம்புவதில்லை. பெருக்கும் திறனில்தான் வேறுபாடு: 83-க்கு 100, 81-க்கு சுமார் 60, 82-க்கு 20-க்குள். அனோடுக்கு 100 வோல்டும் கிரிட்டுக்கு மைனஸ் 1 வோல்டும் கொடுத்தால் 83-இல் அரை மில்லி அம்பியர் அளவுதான் ஓடும், 81-இல் 3 மில்லி அளவு, 82-இல் அதைவிட இன்னும் நிறைய. கண்டியிலோ கொழும்பிலோ வால்வு அம்ப்ளிபயர் திருத்துகிறவர் யாரிடமாவது டெஸ்டர் இருந்தால் இதைச் சுலபமாகப் பிரித்துத் தருவார்.

டெஸ்டர் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. 9-ஆம் பின் சோதனையில் தேறிய வால்வை மட்டும், மீட்டர் மற்ற வகையில் சரி என்று உறுதியான பிறகு, வி-7ஏ-இன் 9 பின் சொக்கெட்டில் போட்டுப் பார்க்கலாம். பின் அமைப்பு ஒன்றே என்பதால் சேதம் வராது. அந்தச் சுற்று 82-ஐ எதிர்பார்த்து அமைத்தது. இரண்டு ட்ரயோடும் தராசு மாதிரி சமநிலையில் நின்று முள்ளை ஓட்ட வேண்டும். 83-ஐப் போட்டால் அந்தச் சின்னக் கரண்டால் முள்ளை ஒழுங்காக ஓட்ட முடியாது. ஸீரோ திருகியின் நடுப்பக்கத்தில் முள் ஸீரோவுக்கு வந்து, தெரிந்த ஒரு பேட்டரியின் வோல்டைச் சரியாகக் காட்டினால், உங்கள் 82 அதுதான். 6ஏஎல்5 ஏசி ரேஞ்சுகளுக்கு மட்டுமே தேவை. அது இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் டிசி ரேஞ்சைச் சோதித்துவிடலாம். ஒன்றுமே பொருந்தாவிட்டால் புது ஈசிசி82 வாங்குங்கள். இது ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றைக்கும் உற்பத்தியாகும் வால்வு.

எந்த வால்வானாலும் கண்ணாடிக்குள் வெள்ளி மாதிரி இருக்க வேண்டிய பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் போய்விட்டது. அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

கரண்ட் கொடுக்கும் முன்

மீட்டரின் பின்பக்கத்தை அவசியம் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற ஹீத்கிட் வி-7ஏ 117 வோல்டுக்குச் செய்தது. இங்கிலாந்தின் க்ளொஸ்டரிலிருந்து டேஸ்ட்ரம் கம்பெனி விற்றவை அந்நாட்டு 200-க்கு மேற்பட்ட வோல்டுக்குச் செய்தவை. உங்களிடம் இருப்பது முதல் வகை என்றால், 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் சில நிமிஷத்தில் ட்ரான்ஸ்போமர் கருகிவிடும். அப்பா அதற்கென்று ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்திருந்திருப்பார். கடைச் சாமான்களில் தேடுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் பற்றி நீங்கள் எழுதியது எனக்குக் கவலை தந்தது. அது வீட்டு லைனிலிருந்து கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் விழும். இந்தக் கருவிகளுக்குள் ட்ரான்ஸ்போமருக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் உயர் வோல்டேஜ் உங்கள் உடம்பு வழியாகப் போனால் அது விழாது. அந்தச் சுற்று வீட்டு லைனோடு நேராக இணைந்தது அல்ல. சிக்னல் ஜெனரேட்டருக்குள் 200 வோல்டுக்கு மேல் டிசி இருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம் அளவில் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றால், காப்பிட்ட பிடியோடு, அவற்றை வெறுமையாக்கி, மீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது திறந்த கருவிக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். அண்ணன் மகனை இந்த நாளில் பக்கத்தில் விடாதீர்கள்.

உங்கள் பக்கத்து மூடுபனியும் மழையும் பழைய பேப்பர் கெபாசிட்டர்களுக்கும் ரேஞ்ச் சுவிட்ச் தட்டுகளுக்கும் நல்லதல்ல. ஈரம் ஏறிய மீட்டர் வால்வு சரியாக இருந்தும் தப்பாகக் காட்டும். மூடி திறந்த கருவியை, ஒரு 40 வொட் இழை பல்ப் எரியும் அலுமாரிக்குள், தீப்பிடிக்கும் எதுவும் பக்கத்தில் இல்லாமல், சில நாள் உலரவிடுங்கள். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது அதே மாதிரி ஒரு பல்பை லைனில் தொடராகக் கோத்துக் கொடுத்தால், உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரிந்து காட்டிக்கொடுக்கும், கருவி தப்பும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது.

விற்பது பற்றி

விற்பதில் தவறில்லை. அடையாளம் காணாமல் மொத்தமாகக் கொடுப்பது உங்களுக்கு நட்டம். பெயர் தெரியாத வால்வுக்கு வாங்குகிறவர் மிகக் குறைந்த விலைதான் வைப்பார். டின்னில் பழைய ஈசிசி83 இரண்டு இருந்தால், கிட்டார் அம்ப்ளிபயர்காரரும் ஓடியோ பிரியரும் தேடுவது அதைத்தான். மறுபக்கம், வால்வு என்றாலே தங்க விலை என்றும் எண்ண வேண்டாம். ஈபி91 மாதிரியானவை உலகம் பூராவும் நிறையக் கிடக்கின்றன. அவற்றின் பெறுமதி அந்த மீட்டருக்குள் இருக்கும்போதுதான்.

அதனால் அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மீட்டருக்கும் சிக்னல் ஜெனரேட்டருக்கும் உரியவை எவை என்று பிரித்து முடியும் வரை டின்னைக் கொடுப்பதில்லை, அதற்குப் பிறகு மிஞ்சும் உதிரிகளை, சோதித்துப் பெயர் எழுதி, விற்கலாம். அம்மா இருக்கிறார். அப்பாவின் சாமான்களில் அவருக்கும் உரிமை உண்டு, அவருடைய சம்மதம் இல்லாமல் நீங்கள் இருவருமே முடிவெடுப்பது சரியில்லை.

எல்லாம் செய்தும் இரண்டு மூன்று வால்வு பிடிபடாமல் நின்றால், அவற்றை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கவாட்டுப் படம், பின்கள் தெரிய அடியிலிருந்து ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஓர் அடிமட்டம். எந்தெந்தப் பின்களுக்கிடையே எத்தனை ஓம் என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் கடிதத்தில் செய்ததைப் போலவே, ஷோர்ட் என்று தோன்றுவதையும் விடாமல் எழுதுங்கள்.